பொன்னாடை போர்த்திய பிராசஸர்

வேகத்தைத் தீர்மானம் போட்டே உயர்த்திவிடலாம் என்று உலகுக்குக் காட்டிய முதல் அலுவலகம் எங்களுடையதுதான். மற்ற தேசத்தார் வேகத்தை ரயிலிலும் ராக்கெட்டிலும் தேடிக்கொண்டிருந்தபோது, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய உரக்கிடங்கின் மாடியில், நாங்கள் அதைக் கோப்பிலேயே கண்டுபிடித்துவிட்டோம்.

எங்கள் ஊர் இந்த மாதிரி காரியங்களுக்குப் பழகிய ஊர். ஊர்ச்சபைக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சுவரில் வெட்டி வைத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவனுடைய சொந்தக்காரனும் வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த விதி இன்றைக்கும் அமலில் இருந்திருந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட ஆள் சேர்ந்திருக்காது. கல்லில் இருப்பதைக் கல்லிலேயே விட்டுவிட்ட பெரியவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அலுவலகத்தின் பெயர் சான்றிதழ் துரிதப் பிரிவு. நான் அதன் கண்காணிப்பாளர், பஞ்சாட்சரம். எனக்குக் கீழே இரண்டு பேர். உதவியாளர் துரைராஜ் சிந்திப்பவர். ஒப்பந்த ஊழியர் திலகா வேலை செய்பவர். விசாரணை, பரிந்துரை எல்லாம் வேறு வேறு இடங்களில் முடிந்து, கணினி வழியாக எங்களிடம் வந்து சேரும் விண்ணப்பங்களில் என் மின்கையெழுத்தைப் பதித்து, சான்றிதழாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சான்றிதழுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தைக் கண்காணிக்கத்தான் தனியாக ஒரு பிரிவு.

தை மாதத்தில் திறப்பு விழா நடந்தது. வந்திருந்த பிரமுகரின் பெயரைச் சொல்வது முறையல்ல. அவர் கையால் போர்த்துவதற்காக ஆறு பொன்னாடைகள் வாங்கியிருந்தோம். காஞ்சிபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டத் துணி வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பதால், என் மைத்துனர் கடையிலேயே, ஜரிகை கனத்த அசல் பட்டாகப் பார்த்து எடுத்தோம். ஐந்து பேருக்குப் போர்த்தி முடிந்தது. ஆறாவதாகப் போர்த்திக்கொள்ள வேண்டிய மேலதிகாரிக்கு அன்று வயிறு சரியில்லை. விரித்த பொன்னாடையோடு பிரமுகர் இரண்டு நொடி நின்றார். பிறகு திரும்பி, மேஜை மேல் இருந்த கணினிப் பெட்டிக்கே அதைப் போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு பொன்னாடை அந்தப் பெட்டியை விட்டு இறங்கவில்லை. தூசி தட்டுவதற்காக ஒருமுறை திலகா அதைத் தூக்கப் போனார். பிரமுகர் போர்த்தியதை ஒப்பந்த ஊழியர் எடுப்பதா என்று துரைராஜ் தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பெட்டியின் பின்பக்கம் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் சந்தனம் வைப்பதற்கென்றே விடப்பட்டவை என்பது துரைராஜின் கண்டுபிடிப்பு. ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

சித்திரை வெயில் ஏறியதும் கணினி நிதானமடைந்தது. இரண்டு நிமிஷத்தில் வந்துகொண்டிருந்த சான்றிதழ் பத்து நிமிஷத்தில் வந்தது. வைகாசியில் நாற்பது நிமிஷம். நான் கவலைப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலைந்து மாதத்தில் யாருக்கும் வருகிற பக்குவம்தான் அது. மாடிப்படியில் மட்டும் கூட்டம் சேர்ந்தது. ஒரு நாளைக்கு எட்டு பேருக்குமேல் கொடுக்க முடியாததால் டோக்கன் முறையை அறிமுகப்படுத்தினோம். அதுவும் ஒரு 'மேம்பாடு' என்று மாத அறிக்கையில் சேர்த்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பிரிவுகளும் தத்தம் செயல்வேகத்தை இந்த மாத இறுதிக்குள் இருபத்தைந்து சதவீதம் உயர்த்தி அறிக்கை அனுப்ப வேண்டும். உடனே கூட்டம் போட்டேன். யாருடைய செயல்வேகம் என்பது முதல் பொருள். மனிதர்களின் வேகத்தைத் தன்னிச்சையாக உயர்த்துவது மனித உரிமை சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால், கணினியின் வேகத்தை உயர்த்துவதென்று ஒரே மனதாக முடிவானது.

துரைராஜ் தொண்டையைச் செருமினார். "சார், ஓவர்கிளாக்கிங்னு ஒண்ணு கீது. யூடியூப்ல பாத்தேன். உள்ள பிராசஸர்னு ஒரு சில்லு கீது இல்ல, அது செகண்டுக்கு இத்தினி தபா துடிக்கணும்னு கம்பெனிக்காரன் ஒரு அளவு வெச்சி அனுப்புறான். நாம உள்ள பூந்து செட்டிங்க மாத்தினா, அதுக்கு மேல துடிக்கும்."

"அதுக்கு எதுனா படி கேக்குமா?"

"கேக்காது சார்."

"லீவு?"

"அதுவும் கேக்காது. கொஞ்சம் சூடாவும், அவ்ளோதான்."

"நம்ம ஆபீஸ்ல யாருதான் சூடாவல," என்றேன். வரம்புக்கு மேல் உழைத்து, வாயைத் திறக்காத ஒரு ஊழியரை என் முப்பது வருஷ சர்வீஸில் அதுவரை திலகாவைத் தவிர நான் பார்த்ததில்லை.

அந்தத் திலகா இப்போது வாயைத் திறந்தார். "சார், அது ஏன் ஸ்லோவாச்சின்னு மொதல்ல பாத்துடலாமே."

அது கூட்டப் பொருளில் இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னோம்.

புதன்கிழமை வினோத்குமார் வரவழைக்கப்பட்டார். பஸ் நிலையத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். பொன்னாடைக்குக் கும்பிடு போடாமல் நேராக விசைப்பலகையில் கை வைத்தார். திரையில் நீலமாக ஏதோ வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஆபீஸுக்குன்னே பண்ற மதர்போர்டு சார், உள்ள எல்லாத்தையும் தாங்குற தாய்ப்பலகை. வேகத்த ஏத்துற செட்டிங் எல்லாம் பூட்டி வெச்சிக்கிறான். பாருங்க, எல்லாம் சாம்பல் கலர்ல கீது. தொட முடியாது."

எனக்கு மெய்சிலிர்த்தது. எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டாலும் முடியாது என்று ஒரே நிறத்தில் பதில் சொல்லும் ஒரு பலகை. அதை வடிவமைத்தவர் எங்கள் துறையில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

"ஆனா சார்," என்றார் வினோத்குமார், "இத்தோட வேகத்த நீங்க ஏத்தவே வேணாம். சூடு தொண்ணூத்தெட்டு டிகிரில நிக்கிது. எரிஞ்சிடாம இருக்கணும்னு அதுவே தன் வேகத்த கொறச்சிக்கினு கீது. காத்து போற ஓட்ட எல்லாத்தையும் அடச்சி, மேல பட்டுத் துணி வேற போத்தி வெச்சிக்கிறீங்க. துணிய எடுத்துட்டு சந்தனத்த தொடச்சா, பழையபடி ரெண்டு நிமிஷத்துல வேல நடக்கும்."

துரைராஜ் என் தலைக்கு மேலிருந்த போட்டோவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து வருகிற சசிரேகா. அன்றைக்கு வந்தது மூன்றாவது தடவை. கழனி வேலைக்குப் போகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துக் கணவர் இறந்துவிட்டார். பெருநகர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு அதில் முன்னுரிமை. சான்றிதழை இணையத்தில் ஏற்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. விசாரணை எல்லாம் முடிந்து அவருடைய விண்ணப்பம் எங்கள் கணினியில் என் கையெழுத்துக்காக நின்றது. டோக்கன்படி அவர் வெள்ளிக்கிழமை காலை முதல் ஆள்.

"சார், அந்தத் துணிய நானே எடுத்து பதமா மடிச்சி வெச்சிட்டா போறன்," என்றார் சசிரேகா.

"பொதுஜனம் அதெல்லாம் தொடக் கூடாதும்மா."

"அப்ப நீங்களே எடுங்க சார்."

இது எவ்வளவு சிக்கலான விஷயம் என்று பாமர மக்களுக்குப் புரிவதில்லை. பிரமுகர் போர்த்திய பொன்னாடையை எந்த நிலையிலுள்ள அலுவலர் அகற்றலாம் என்பதற்கு விதி கிடையாது. நாளைக்கு அவரே திடீரென்று வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? ஆகவே 'கணினியின் மீதுள்ள பொன்னாடையை அகற்றுதல், தெளிவுரை வேண்டி' என்று தலைமை அலுவலகத்துக்கு அன்றே கடிதம் அனுப்பினேன். அதைத் தட்டச்சு செய்ய அந்தக் கணினிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுநாளே பதில் வந்தது, எங்கள் துறையின் சுறுசுறுப்புக்கு அது ஓர் உதாரணம். பொன்னாடையின் நீளம், அகலம், நிறம், அது இருப்புப் பதிவேட்டில் ஏறிய தேதி ஆகியவற்றைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். அளப்பதற்கு அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு அனுமதி வேண்டும். கோப்பு நல்ல ஆரோக்கியத்தோடு வளரத் தொடங்கியது.

வியாழக்கிழமை மாலை துரைராஜ் பூட்டுக்கு வழி கண்டுபிடித்தார். கணினி கண் விழித்ததும் முதலில் படிக்கிற விதிப்புத்தகம் ஒன்று மதர்போர்டுக்குள் இருக்கிறதாம். அதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போது உள்ள புத்தகத்தை அழித்துவிட்டு, பழைய பதிப்பு ஒன்றை ஏற்றினால் பூட்டு திறந்துவிடுமாம். பழைய விதிக்குத் திரும்பிப் போய் அதை முன்னேற்றம் என்று அறிவிப்பது எங்களுக்குக் கைவந்த கலை என்பதால் உடனே ஒப்புதல் கொடுத்தேன்.

வினோத்குமாரிடம் போனில் யோசனை கேட்டார் துரைராஜ். ஸ்பீக்கரில் போட்டார்.

"வேணாம் சார், பேஜாராயிடும். இருக்கிற சூட்டுலயே அது மூச்சு வாங்கிக்கினு கீது. அத்த மீறி போடுவேன்னா போடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ஆரம்பிச்சிட்டா பாதியில ஆஃப் பண்ணவே கூடாது. பண்ணினா போர்டு செத்துடும்."

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை. என் சர்வீஸிலேயே முதல் தடவையாக ஒன்பது இருபதுக்கு அலுவலகத்தில் இருந்தேன். சசிரேகா அதற்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியவர் நாஷ்டாகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. திலகா தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், இவங்களுது ஒண்ண மட்டும் போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் ஆரம்பிக்கலாம் சார். நாப்பது நிமிஷம்தான். இன்னிக்கி அஞ்சி மணிக்குள்ள ஏத்தணுமாம்."

நான் சசிரேகாவைப் பெருமிதத்தோடு பார்த்தேன். "உன்னுத எதுக்கும்மா பழைய வேகத்துல குடுக்கணும்? புது வேகத்துல வர்ற மொத சான்றிதழே உன்னுதுதான். போட்டோ எடுத்துப் போடப் போறோம்."

"எனுக்கு பழைய வேகமே போதும் சார்," என்றார் சசிரேகா.

முன்னேற்றத்துக்கு மக்கள் இப்படித்தான் ஆரம்பத்தில் முட்டுக்கட்டை போடுவார்கள். நாம் பொறுமையாக இருக்க வேண்டும். நான் பொறுமையாகக் கையமர்த்திவிட்டு ஏற்பாடுகளைக் கவனித்தேன். மாலை வாங்கப் போன துரைராஜ் திரும்பி வர இருபது நிமிஷம். எலுமிச்சம்பழம் கிடைக்கப் பத்து நிமிஷம். கற்பூரம் ஏற்றுவதை வீடியோ எடுக்க வேண்டியிருந்தது, முதல் தடவை என் முகம் விழவில்லை. மறுபடியும் ஏற்றினோம். திலகா சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்து துரைராஜ் பொத்தானை அழுத்தியபோது மணி பத்து இருபத்துநாலு. மொத்தம் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. பத்து சதவீதம். முப்பது. ஐம்பது. அறுபத்தெட்டில் வந்து நிற்கும்போது மணி பத்து இருபத்தொன்பது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்.

"நிறுத்துங்க," என்றேன்.

"சார், வினோத்து பாதியில நிறுத்தக் கூடாதுன்னாரே," என்றார் திலகா.

துரைராஜ் யோசித்தார். அவர் யோசித்தால் வழி பிறக்காமல் போகாது. "பாதியிலதான நிறுத்தக் கூடாதுன்னாரு. இது முக்காவாசிக்கு கிட்ட வந்துடுச்சி. மீதிய பன்னண்டு மணிக்கு மேல வெச்சிக்கலாம் சார்."

புது வேகம் ராகு காலத்தில் பிறந்தது என்ற பேச்சு வரக் கூடாது. பொறுப்பை யார் தலையிலும் கட்டாமல், நானே எழுந்து போய் என் கையாலேயே சுவிட்சை அணைத்தேன். இந்தத் தலைமைப் பண்பு பற்றி அன்றைய குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் போட்டோம். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் போட்டோம். கறுப்பு. துரைராஜ் பெட்டியின் தலையில் லேசாகத் தட்டிப் பார்த்தார். அப்படியும் கறுப்பு.

வினோத்குமார் வந்தார். யாரையும் கேட்கவில்லை. பொன்னாடையை உருவி என் மேஜை மேல் போட்டார். காய்ந்து இறுகிப்போன சந்தனத்தை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்தார். பெட்டியைத் திறந்து எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

"போச்சி சார். போர்டு செத்துடுச்சி. சென்னைக்கு அனுப்பி சில்லுல பயாஸ திரும்ப எழுதி வாங்கலாம், இல்ல புதுசு போடலாம். எதுவா இருந்தாலும் இன்னிக்கி ஆவாது."

சசிரேகா உள்ளே வந்து நின்றார். "வேற கம்ப்யூட்டர்ல போட முடியாதா சார்?"

"என் மின்கையெழுத்து இந்த ஒரு கம்ப்யூட்டருக்குத்தாம்மா பதிவாகியிருக்கு. பாதுகாப்பு."

"அப்ப ஒரு பேப்பர்ல கையால எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க சார். நான் செல்லுல போட்டோ புடிச்சி ஏத்திக்கிறேன்."

"கையால எழுதிக் குடுத்த காலம் எல்லாம் மலையேறிப் போச்சும்மா. நாம காகிதமில்லா அலுவலகம்."

"சார், அந்த வேலைக்கு எங்க ஊர்ல ரெண்டே பேருதான் போட்டுக்கிறோம். இன்னொருத்திக்கி வூட்டுக்காரரு கீறாரு, நெலம் கீது. இந்தச் சீட்டு ஒண்ணு இருந்தா எனுக்குத்தான் சார். நடவு நட்டு நட்டு இடுப்பு போயிடுச்சி சார். கொயந்தையையும் கூட்டிக்கினு அங்கியே இருந்துக்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அதற்கு எங்களிடம் முறை இருக்கிறது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்போம். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, செல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து மணி ஆகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து அடித்ததும் எழுந்து படி இறங்கினார். திலகாவும் கூடவே இறங்கி, அவரைப் பெருநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் என் பக்கம் திரும்பாமல் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதைப் பதிவு செய்யப் படிவம் எதுவும் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் நல்ல காரியம் வீண் போவதில்லை. மாத இறுதி அறிக்கை அனுப்பும் நாள் வந்தது. கணினியில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் எத்தனை என்பது கேள்வி. கணினியே இல்லாததால் அதில் நிலுவையும் இல்லை. 'நிலுவை: இல்லை' என்று துரைராஜ் எழுதினார். மற்ற பிரிவுகளில் எல்லாம் நூறும் இருநூறும் தேங்கிக் கிடந்தபோது எங்களிடம் மட்டும் ஒன்றுகூட இல்லை. செயல்வேகத்தில் முதலிடம் எங்களுக்கு. கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தைப் பெற்றுக்கொண்டு நான் பேசிய பேச்சில் ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லை ஏழு தடவை பயன்படுத்தினேன்.

பழைய போர்டு செத்த பன்னிரண்டாம் நாள் புது மதர்போர்டு வந்து சேர்ந்தது. வினோத்குமாரே பொருத்தினார். அதையும் பூட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். மேலே எதையும் போர்த்தக் கூடாது என்று பெட்டி மேல் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அங்கன்வாடி வேலைக்கு அதற்குள் ஆள் போட்டாகிவிட்டது. ஆனாலும் திலகா போன் பண்ணிக் கூப்பிட்டதால் சசிரேகா வந்தார், சேற்றுக் காலைப் படியடிக் குழாயில் கழுவிக்கொண்டு. அவருடைய சான்றிதழைத்தான் முதலில் போட்டோம். நான் விரலை அழுத்தினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, சுடச்சுட வெளியே வந்தது.

சசிரேகா அதை வாங்கி மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இத வெச்சிக்கினு இனிமே நான் இன்னா சார் பண்றது?"

"பத்திரமா வெச்சிக்கம்மா. ஒரு லேமினேஷன் போட்டுக்க."

அவர் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதியிருப்பது நிஜந்தானா என்று ஒவ்வொன்றிலும் மனசின் ஒரு மூலையில் சந்தேகம் இருக்கும். அதற்கு இடம் இவருடைய கோப்பிலும் இருந்தது. அண்ணன் அவ்வப்போது அரிசி கொடுத்து உதவுவதாக விசாரணைக்குப் போனவர் குறிப்பு எழுதியிருந்தார். ஆனால் கையெழுத்துப் போடும்போது எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஆதரவற்றவர் என்று அதில் எழுதியிருந்தது. அவரை அப்படி ஆக்கியதே நாங்கள்தான்.